மந்திரத்துக்கும் யாப்பு உண்டு: கணினி விளையாட்டுகளில் சொந்த மந்திரம் ஆக்குதல்

2002இல் வெளிவந்த ‘மோரோவிண்ட்’ விளையாட்டைத் தொடங்கி, செய்டா நீன் என்னும் சிற்றூரில் கப்பலிலிருந்து இறங்கி, ஊரைத் தாண்டிச் சாலையில் சிறிது தூரம் நடந்தால் வானத்திலிருந்து ஓர் அலறல் கேட்கும். என்னவென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் மந்திரவாதி ஒருவன் கண்ணெதிரே விழுந்து இறந்துபோவான். அவன் பெயர் டார்ஹியல். உடலைச் சோதித்தால் ஒரு நாட்குறிப்பும் மூன்று மந்திரச் சுருள்களும் கிடைக்கும். சுருளில் இருப்பது அவனே ஆக்கிய மந்திரம். தாவிக் குதிக்கும் திறனை 7 விநாடிகளுக்கு 1000 புள்ளிகள் உயர்த்துவது அதன் வேலை. பயிற்சியால் மட்டுமே வளரும்போது அந்தத் திறன் 100க்கு மேல் போகாது என்பதை நினைத்துப் பார்த்தால், அவன் எவ்வளவு உயரம் போயிருப்பான் என்பது விளங்கும். காற்றில் இருக்கும்போதே 7 விநாடி தீர்ந்துவிட்டது. தரையைத் தொடும்போது அவன் மறுபடியும் சாதாரண மனிதன்.

அவனுடைய கணக்கில் விடுபட்டது ஒரே ஓர் உறுப்புதான். வீழ்ச்சியின் வேகத்தைக் குறைக்கும் விளைவைச் சிறிதளவு, இறங்கும்வரை நீடிக்குமாறு சேர்த்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அதே உலகத்தில் சில மணி நேரம் ஆடிய பிறகு, போதிய பொன்னும் இரண்டு விளைவுகளைப் பற்றிய அறிவும் கைவந்த ஆட்டக்காரர், அந்தத் திருத்தத்தைத் தாமே செய்து, தமக்கென ஒரு பறக்கும் மந்திரத்தை ஆக்கி, அதற்குப் பெயரும் இட்டுக்கொள்ள முடியும். விளையாட்டின் ஆக்குநர்கள் இந்தச் சாவைச் சாலையோரத்திலேயே வைத்ததை நான் ஒரு பாடமாகவே பார்க்கிறேன்: இந்த உலகில் மந்திரங்களை மனிதர்கள் ஆக்குகிறார்கள், ஆக்கும்போது பிழையும் செய்கிறார்கள் என்பதை ஆட்டக்காரர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்கிறார்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் இது வழக்கமான ஏற்பாடு அன்று. 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு வகுத்த மரபில், மந்திரங்கள் ஒரு பட்டியலாக வருகின்றன; ஒவ்வொன்றுக்கும் ஒரு படிநிலை, ஒரு பெயர், ஒரு வரையறுத்த பயன். மந்திரவாதி அவற்றைக் கற்றுக்கொள்கிறான், அன்றைக்கு வேண்டியவற்றை மனத்தில் ஏற்றிக்கொள்கிறான், செலவழிக்கிறான். கணினிக்கு வந்த பெரும்பாலான விளையாட்டுகள் இந்தப் பட்டியல் முறையையே சுவீகரித்துக்கொண்டன. மாற்று வழி ஒன்று 1987இல் ‘ஆர்ஸ் மேஜிக்கா’ என்ற மற்றொரு மேசை விளையாட்டில் தெளிவாக வெளிப்பட்டது. அதில் மந்திரம் என்பது இலத்தீன் வினைச்சொல் ஒன்றும் பெயர்ச்சொல் ஒன்றும் கூடிப் பிறப்பது. படைத்தல், அறிதல், மாற்றுதல், அழித்தல், ஆளுதல் என வினைகள் ஐந்து. நெருப்பு, நீர், உடல், மனம், மண் முதலாகப் பெயர்கள் பத்து. ஐம்பது இணைகளுக்குள் அடங்கும் எதையும் ஆடுபவர் அந்த இடத்திலேயே சொல்லிப் பார்க்கலாம். அது நடக்குமா, எவ்வளவு கடினம் என்பதை மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நடுவர் முடிவு செய்வார்.

கணினியில் அந்த நடுவர் இல்லை. இந்தத் துறையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரே குறையிலிருந்து தொடங்குகிறது என்று நினைக்கிறேன். மனித நடுவர், “இதற்கு இவ்வளவு வலிமை கூடாது” என்று சொல்லிவிட்டுப் போவார். கணினிக்கோ அதை முன்கூட்டியே ஒரு சூத்திரமாக எழுதி வைக்க வேண்டும்.

அதே 1987இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த ‘டஞ்சன் மாஸ்டர்’, மொழி போன்ற மந்திரத்தைக் கணினித் திரையில் நிகழ்த்திக் காட்டியது. வரிசைக்கு ஆறாக நான்கு வரிசைகளில் மொத்தம் 24 குறியீடுகள். முதல் வரிசை மந்திரத்தின் வலிமையைத் தீர்மானிக்கும். அடுத்தவை மூலகத்தையும் வடிவத்தையும் சார்பையும் குறிக்கும். நெருப்பைக் குறிக்கும் ‘ஃபுல்’ என்பதை வலிமைக் குறியீட்டுடன் மட்டும் சொன்னால் பந்தம்போல் ஒளி வரும். அதனுடன் ‘இர்’ சேர்ந்தால் எரியும் உருண்டை பாய்ந்து செல்லும். அரக்கன் நெருங்கி வரும்போது, ஒவ்வொரு குறியீடாகச் சுட்டியால் அழுத்தி, அழுத்தும் ஒவ்வொன்றுக்கும் மந்திர ஆற்றலை இழந்து, தவறினால் எல்லாம் வீணாகும் பதற்றத்தில் ஆடிய விளையாட்டு அது. ஆனாலும் அங்கே செல்லுபடியாகும் கோவைகள் எவை என்பது முன்பே முடிவாகியிருந்தது. ஆட்டக்காரர் சொற்களைக் கூட்டிப் பார்த்து ஒரு மந்திரத்தைக் கண்டுபிடிக்கலாம். இல்லாத ஒன்றைப் படைக்க முடியாது. அகராதியில் இருக்கும் தொடரைத் தேடுவதற்கும் புதிய தொடரை எழுதுவதற்கும் உள்ள தொலைவு இது.

அந்தத் தொலைவைக் கடந்தது, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் பெதெஸ்டா நிறுவனத்தின் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடர். 1994இல் வந்த ‘அரீனா’விலேயே மந்திரவாதிகள் சங்கத்துக்குப் போய்ப் பணம் கொடுத்து மந்திரம் ஆக்கிக்கொள்ள முடிந்தது. 1996இன் ‘டாகர்ஃபால்’ அதை விரித்தது. ஒரு மந்திரத்தில் மூன்று விளைவுகள் வரை அடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு வலிமை, பலிப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைத் தனித்தனியே அமைக்கலாம். அவை பாத்திரத்தின் நிலை உயர உயர வளருமாறும் செய்யலாம். தன் மேல், தொடப்படுபவர் மேல், தொலைவில் உள்ள ஒருவர் மேல், தன்னைச் சுற்றி, தொலைவில் ஒரு பரப்பின் மேல் என மந்திரம் செல்லும் இடங்கள் ஐந்து. இந்தச் செறிவுக்குள் அப்போதே ஓர் ஓட்டை இருந்தது. மந்திரத்தை உறிஞ்சி ஆற்றலாக்கும் தன்மையுள்ள ஒரு பாத்திரத்தை அமைத்துக்கொண்டு, தன்னைச் சுற்றி வெடிக்கும் மந்திரத்தை ஏவினால், எதிரிகள் எரிவார்கள், செலவழித்த ஆற்றலும் திரும்பி வந்துவிடும்.

அதே தொடரைச் சேர்ந்த ‘மோரோவிண்ட்’ விளையாட்டின் மந்திரம் ஆக்கும் பலகைதான் இந்த முறையின் முழு வடிவம் என்பது என் கணிப்பு. எட்டு விளைவுகள் வரை ஒரே மந்திரத்தில் கோக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வலிமையின் கீழெல்லை, மேலெல்லை, கால அளவு, பரப்பு, தன் மேலா தொட்டா தொலைவிலா என்ற தேர்வு ஆகியவை உண்டு. கடைசியில் ஒரு காலிக் கட்டத்தில் பெயரைத் தட்டச்ச வேண்டும். முக்கியமான நிபந்தனை ஒன்று: ஏற்கெனவே தெரிந்த மந்திரம் ஏதேனும் ஒன்றிலாவது இருக்கும் விளைவை மட்டுமே பயன்படுத்தலாம். கடையில் விற்கும் மந்திரங்களுக்கு இதனால் இரண்டாவது பயன் கிடைக்கிறது. யாரும் நாடாத ஒரு மட்டமான மந்திரத்தைக்கூட அதற்குள் இருக்கும் ஒரு சொல்லுக்காக வாங்குவோம். ஊர் ஊராகப் போய் மந்திரவாதிகளின் சரக்கைப் புரட்டுவது, ஒரு மொழியின் சொற்களைத் திரட்டுவதாக மாறிவிடுகிறது. விளைவு வேர்ச்சொல் என்றால், செல்லும் இடம் வேற்றுமை உருபு. வலிமையும் காலமும் பரப்பும் அடைகள். நெருப்பு என்ற ஒரே வேரைக் கொண்டு மெழுகுவத்தி அணைவதற்குள் தீரும் ஒரு சுடுதலையும் ஓர் அறை முழுவதையும் எரிக்கும் ஊழியையும் எழுதலாம்.

எழுதியதற்கு விலை வேண்டுமல்லவா? வடிவமைப்பின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. ‘மோரோவிண்ட்’ ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு வைத்திருக்கிறது. சராசரி வலிமையும் கால அளவும் பெருகப் பெருக விலை அதே விகிதத்தில் ஏறுகிறது. பரப்பு அதனுடன் கூட்டப்படுகிறது. தொலைவில் ஏவுவதானால் ஒன்றரை மடங்கு. இப்படிக் கிடைக்கும் எண் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஏவும்போது கழியும் மந்திர ஆற்றல் அது. மந்திரம் பலிக்காமல் போகும் வாய்ப்பைக் கூட்டுவதும் அதுவே. பலிக்கும் வாய்ப்பைக் கணக்கிடும்போது, அந்த மந்திரம் சேர்ந்த துறையில் உள்ள திறனை இரட்டித்து, மன உறுதியில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்து, மந்திரத்தின் விலையைக் கழிக்கிறார்கள். களைப்பு அதிகமானால் மேலும் குறையும். தவறினாலும் ஆற்றல் போனது போனதுதான். ஆகையால் கற்றுக்குட்டி மந்திரவாதி ஒருவன் தன் திறனுக்கு மேற்பட்ட மந்திரத்தை எழுதிக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. வாயில் வராத மந்திரமாக அது அவனிடம் கிடக்கும். வேறெந்தத் தடையையும்விட இது எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

எந்த விலைச் சூத்திரமும் சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. நேரம் கூடினால் பயனும் கூடும் என்பது அவற்றுள் முதன்மையானது. ஆட்டக்காரர்கள் உடைத்தது பெரும்பாலும் அதைத்தான். உடல்நலத்தைத் தற்காலிகமாக உறிஞ்சும் விளைவு ஒன்று உண்டு; நேரம் முடிந்ததும் இழந்தது திரும்பிவிடும் என்பதால் நிரந்தரச் சேதத்தைவிட அது மலிவு. 100 புள்ளிகள், ஒரே ஒரு விநாடி என்று அதை அமைத்தால் என்னவாகும்? 100க்குக் கீழே உடல்நலம் உள்ள எதிரி அந்த ஒரு விநாடிக்குள் இறந்துவிடுகிறான். விநாடி முடிந்து நலம் திரும்பி வரும்போது அதைப் பெற்றுக்கொள்ள அவன் இல்லை.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. உரையாடல் தொடங்கியதும் ‘மோரோவிண்ட்’ உலகில் காலம் நின்றுவிடும். ஆகவே, பேச்சுத் திறனை உயர்த்தும் மந்திரத்தைச் சில விநாடிகளுக்கு மட்டும் ஆக்கி, ஏவிய கையோடு வணிகரிடம் பேச்சுக் கொடுத்தால், பேரம் எவ்வளவு நேரம் நடந்தாலும் மந்திரம் தீராது. ஆசிரியர்கள் திறன் கற்பிக்க வாங்கும் கட்டணம், அந்தக் கணத்தில் மாணவரிடம் இருக்கும் திறனைப் பொறுத்தது. அதனால் தன் திறனைத் தானே 100 புள்ளிகள் குறைத்துக்கொண்டு ஆசிரியர்முன் போய் நின்று, ஏதும் அறியாதவனுக்கான மிகக் குறைந்த கட்டணத்தில் உயர்நிலைப் பயிற்சியைப் பெற்றவர்கள் ஏராளம். சூத்திரம் விநாடிகளுக்கு விலை வைத்தது. விநாடிகள் நிற்கும் இடம் ஒன்று இருப்பதை அது அறியவில்லை.

இவற்றை ஏமாற்று என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆன்மாவைப் பிடிக்கும் விளைவைத் தொலைவுக்கும், ஆற்றலைக் கூட்டும் விளைவைத் தன் மேலும் ஒரே மந்திரத்தில் அமைத்தால் அந்தக் கூடுதல் நிரந்தரமாகத் தங்கிவிடும் கோளாறு ‘மோரோவிண்ட்’ விளையாட்டில் உண்டு. அது நிரலின் பிழை, ரசிகர்கள் வெளியிட்ட திருத்தங்கள் அதை அடைத்தன. மேலே சொன்னவை வேறு வகை. அங்கே விதிகள் ஒன்றும் மீறப்படவில்லை. அவற்றை எழுதியவர்களைவிட ஆழமாக ஒருவர் படித்திருக்கிறார், அவ்வளவே.

அதே தொடரில் 2006இல் வந்த ‘ஒப்லிவியன்’ இந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டு சூத்திரத்தை இறுக்கியது. வலிமை என்ற எண்ணை அப்படியே பெருக்காமல் 1.28 அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கினார்கள். இதன்படி வலிமையை இரட்டித்தால் விலை ஏறத்தாழ 2.43 மடங்காகிறது, கால அளவை இரட்டித்தால் இரண்டு மடங்குதான். ஆகவே ஒரு விநாடியில் 20 புள்ளிகள் சுடும் நெருப்பு, இரண்டு விநாடிகளில் பத்துப் பத்தாகச் சுடும் நெருப்பைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகச் செலவு வைக்கும். இந்த அடுக்குக்குறி மற்றொரு வாசலைத் திறந்துவிட்டது. நெருப்பு, குளிர், மின்னல் மூன்றுக்கும் அடிப்படை மதிப்பு கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், நெருப்பு மட்டும் 60 புள்ளிகள் என்று எழுதுவதைவிட மூன்றிலும் இருபது இருபது என்று பிரித்து எழுதுவது மலிவு; ஒரே சொல்லை உரக்கச் சொல்பவருக்குச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. மந்திரம் தவறும் வாய்ப்பையும் ‘ஒப்லிவியன்’ எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக விலையை வைத்து ஐந்து படிகள்: 26க்குக் கீழே இருந்தால் யாரும் ஏவலாம், 26, 63, 150, 400 ஆகிய எல்லைகளைத் தொடும் மந்திரங்களுக்கு முறையே 25, 50, 75, 100 என்ற திறன் இல்லாவிட்டால் ஏவவே முடியாது. பலிக்குமோ பலிக்காதோ என்ற படபடப்பு போய், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

இவ்வளவு இறுக்கியும் கணக்கு உடைந்தது. மந்திரங்களின்முன் எதிரியை 100 விழுக்காடு பலவீனமாக்கும் விளைவை எடுத்துக்கொள்வோம். அதே மந்திரத்தை மறுபடி ஏவினால் முந்தையதன் இடத்தில்தான் அது அமரும், அடுக்காது. ஆனால் உள்ளடக்கம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு மந்திரங்களை ஆக்கி மாறி மாறி ஏவினால், முதலாவது ஏற்படுத்திய பலவீனம் இரண்டாவதைப் பெருக்க, அது மூன்றாவதைப் பெருக்க, எதிரி சிறு பொறிக்கே சாம்பலாகிவிடுவான். அவை இரண்டும் ஒன்றே என்பதை விளையாட்டால் அறிய முடியாது. இரண்டு பெயர் என்றால் அதற்கு இரண்டு மந்திரம்.

விலையைத் தவிர இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதுதான் பெரியது என்பேன். ஆட்டக்காரர் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் உலகம் இடம் கொடுக்க வேண்டும். ‘அரீனா’வின் நிலவறைகள் கட்டம் கட்டமாக அமைந்தவை, ஆகவே சுவரையே கரைக்கும் மந்திரத்தை அங்கே தர முடிந்தது. ‘மோரோவிண்ட்’ மிதக்கும் மந்திரத்தை ஓர் உல்லாசமாக மட்டும் வைக்கவில்லை. டெல்வானி குலத்து மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் போகப் படிக்கட்டே கிடையாது. பறக்கத் தெரியாதவரோடு அவர்களுக்குப் பேச்சில்லை. ஒரு மந்திரச் சொல்லை மையமாக வைத்து ஒரு சமூகத்தின் கட்டடக்கலையும் செருக்கும் அமைந்திருப்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ‘ஒப்லிவியன்’ விளையாட்டில் அந்தச் சொல்லே இல்லை. நகரங்கள் ஒவ்வொன்றும் மதில்களுக்குள் தனி உலகமாக, வாசலைக் கடக்கும்போது தனியே ஏற்றப்படுபவையாக ஆகிவிட்டன. மதிலுக்கு மேல் பறப்பவருக்குக் காட்ட உள்ளே உண்மையான நகரம் இருக்காது. கட்டடம் மாறியதும் அகராதியிலிருந்து ஒரு சொல் போயிற்று.

2011இல் தொடரின் அடுத்த விளையாட்டான ‘ஸ்கைரிம்’ வந்தபோது பலகையே போய்விட்டது. விளையாட்டின் இயக்குநர் டாட் ஹோவர்ட் அந்நாள் பேட்டிகளில் சொன்ன காரணத்தின் சாரம், மந்திரம் ஆக்குவது விரிதாளில் எண்களை நிரப்புவது போலாகி, மாயத்தின் மாயத்தன்மையைக் குலைக்கிறது என்பது. அந்தக் கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ‘ஒப்லிவியன்’ விளையாட்டில் ஆக்கிய நெருப்பு மந்திரம், 10 புள்ளியானாலும் 100 புள்ளியானாலும் கண்ணுக்கு ஒரே உருண்டையாகவே பறந்தது. ‘ஸ்கைரிம்’ இரண்டு கைகளிலும் தனித்தனி மந்திரம் ஏந்தச் செய்தது. நெருப்பைப் பீய்ச்சலாம், தரையில் கண்ணியாகப் பதிக்கலாம், சுவராக எழுப்பலாம், போர்வையாகச் சுற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் கையால் செதுக்கிய காட்சி. அதன் அழகை நான் மறுக்கவில்லை.

இழப்போ விளையாட்டின் பின்பாதியில் தெரிந்தது. ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் அழித்தல் துறையில் திறன் உயர உயர, மந்திரத்தின் செலவு குறைகிறதே தவிர அது செய்யும் சேதம் கூடுவதில்லை. இரண்டாம் நிலை நெருப்பு அம்பு 25 புள்ளி, அடுத்த நிலை உருண்டை 40, நிபுணர் நிலையில் 60. சிறப்புத் தேர்ச்சிகளை எடுத்தால் அவற்றின் மேல் ஐம்பது விழுக்காடு வரை கூடும். எதிரிகளின் உடல்நலமோ பல நூறுகளுக்கு வளர்ந்துவிடுகிறது. வாள்வீரன் தன் வாளைத் தீட்டித் தீட்டி மேம்படுத்திக்கொள்கிறான். மந்திரவாதி மட்டும் கொடுத்த மந்திரத்தோடு நிற்கிறான். பழைய விளையாட்டுகளில் இந்தக் கட்டத்தில் ஒருவர் சங்கத்துக்குத் திரும்பிப் போய், தன் வளர்ச்சிக்கு ஏற்ற பெரிய மந்திரத்தைத் தானே எழுதிக்கொள்வார். மந்திரவாதி வளர்வதற்கான படிக்கட்டே அந்தப் பலகைதான் என்பது, அதை எடுத்த பிறகுதான் பலருக்கும் விளங்கியது.

பிறர் வேறு விடைகளைத் தேடியிருக்கிறார்கள். 2016இல் அப்சிடியன் நிறுவனம் ஆக்கிய ‘டைரனி’, மூலக்குறி, அது வெளிப்படும் வடிவம், மெருகூட்டும் துணைக்குறிகள் என மந்திரத்தைப் பகுத்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் பாத்திரத்தின் அறிவுத் திறனில் இவ்வளவு வேண்டும் என்று விதித்தது. மந்திர ஆற்றல் என்ற கையிருப்பே அங்கே கிடையாது. எவ்வளவு தெரியும் என்பதுதான் விலை. பின்லாந்தின் நோல்லா கேம்ஸ் 2020இல் முழுமையாக வெளியிட்ட ‘நோய்ட்டா’ பாத்திரமேற்கும் விளையாட்டு என்ற வரையறைக்குள் சரியாக அடங்காது என்றாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது. அதில் மந்திரக்கோல் ஒரு நிரல் போன்றது. கோலில் அடுக்கிய மந்திரங்கள் வரிசைப்படி இயங்கும். ஒன்று அடுத்ததை மாற்றும். சில, மோதும் இடத்தில் இன்னொன்றை வெடிக்கச் செய்யும். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் எரிவதாகவோ வழிவதாகவோ உருகுவதாகவோ கணக்கிடப்படுவதால், எந்த விபரீதச் சேர்க்கைக்கும் அந்த உலகத்திடம் ஒரு பதில் இருக்கிறது. மந்திரங்களை அடக்க அங்கே விலைச் சூத்திரத்தை நம்பவில்லை. தான் ஆக்கிய மந்திரம் தன்னையே கொன்றுவிடும் என்ற அச்சம் ஆட்டக்காரரை அடக்குகிறது. ஆடியவர்களில் பெரும்பாலோர் அப்படி இறந்திருப்பார்கள்.

2025 ஏப்ரலில் ‘ஒப்லிவியன்’ புதுப்பிக்கப்பட்டு வந்தது. காட்சிகள் முழுவதும் புதிய மென்பொருள் இயந்திரத்தில் மறுபடி வரையப்பட்டிருக்க, அடியில் பழைய விளையாட்டின் கணக்குகளே ஓடுகின்றன. பேரரசின் தலைநகரில் உள்ள மந்திரப் பல்கலைக்கழகத்தில் மந்திரம் ஆக்கும் பீடம் அங்கேயே நிற்கிறது. அந்த வளாகத்துக்குள் நுழைய வேண்டுமானால், முன்போலவே ஏழு நகரங்களின் சங்கக் கிளைகளுக்கும் போய், ஒவ்வொரு தலைவரும் ஏவும் வேலையை முடித்து, ஏழு பரிந்துரைகளைப் பெற்று வர வேண்டும். ‘ஸ்கைரிம்’ மூலமாக மட்டுமே இந்த உலகத்தை அறிந்த இளைய ஆட்டக்காரர்கள் பலர், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பீடத்தின்முன் முதல் முறையாக நின்று, காலிக் கட்டத்தில் என்ன பெயர் இடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.